மைக் மௌனம் சாதித்த கதை

ஆனி மாதம் பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று புறப்பட்டுவிட்டால், தென்காசிச் சீமையில் உள்ளவர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் காற்று அங்கவஸ்திரத்தைப் பறித்துக்கொண்டு போகும். அங்கிருந்து குற்றாலம் கூப்பிடு தூரந்தான். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒவ்வொன்றாக நனைந்துவிட்டு, ஈரத் தலையோடு சாயங்காலம் ஒரு நல்ல பிரசங்கத்தையும் கேட்டுவிட்டால், அதற்கு மேல் இந்தப் பூலோகத்தில் என்ன சுகம் வேண்டும்?

சென்ற சாரல் காலத்தில் அப்படி ஒரு பிரசங்கத்துக்குப் போனேன். விஷயம், குற்றாலக் குறவஞ்சி. தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலநாதரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துப் பாடிய நூல் அது. பேச வந்தவரோ எண்பது வயதைக் கடந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தம்முடைய ஆசிரியரிடம் சிறு வயதில் பாடம் கேட்ட மெட்டிலேயே சில பாட்டுக்களைப் பாடிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதைக் கேட்பதற்காகவே செங்கோட்டை, கடையநல்லூர், இலஞ்சி முதலிய ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்கள்.

பெரியவருடைய குரல் மெல்லிய குரல். ரசிகமணி டி. கே. சி. குற்றாலத்தில் வாழ்ந்த நாளில் இப்படிப்பட்ட குரலுக்கு மைக் தேவைப்பட்டிராது. நண்பர்கள் சுற்றி உட்கார, அவர் நடுவில் இருந்து பாட்டைச் சொல்லுவார், கேட்பவர்கள் மெய்ம்மறப்பார்கள். 1954இல் அவர் காலமானார். இப்போதெல்லாம் கூட்டம் பெரிது, மண்டபம் பெரிது, வெளியே மழையின் ஓசையும் பெரிது. எனவே ஒலிபெருக்கியை நம்பித்தான் ஆகவேண்டும்.

அக்கிராசனர் பேசி முடிக்கும் வரையில் மைக் வெகு ஒழுங்காக வேலை செய்தது. பெரியவர் எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதல் அடியை எடுத்தார். “கொர்... கொர்... டப்!” என்றது ஒலிபெருக்கி. மைக்செட்காரத் தம்பி ஓடி வந்து ஒயரைத் திருகினார், சரியாயிற்று. பெரியவர் மறுபடியும் ஆரம்பித்தார். இரண்டு வார்த்தை கேட்டது. மூன்றாவது வார்த்தை மலைக்கு அப்பால் மலையாளத்துக்குப் போய்விட்டது. காரியதரிசி மைக்கின் தலையில் ஓர் அடி கொடுத்தார். பெரியவர் நான்கு தடவை ஆரம்பித்தார். நான்கு தடவை நிறுத்தினார். பிறகு கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். “இனிமேல் இந்த வயதில் மேடைக்கு வருவதற்கில்லை” என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கூட்டத்தாரின் கோபம் முழுவதும் அந்தத் தம்பியின் தலையில் விடிந்தது. பேசிய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பதில் பேசாமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டு மழையில் போனார்.

என் மனம் கேட்கவில்லை. மறுநாள் தென்காசிக் கடைவீதியில் அவருடைய சிறிய கடையைத் தேடிப் போனேன். என்னைக் கண்டதும் பாதிக் கூலிக்கும் வம்பு வந்துவிட்டதோ என்று முகம் வாடிற்று. சங்கதியைச் சொன்னதும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

“பெட்டி நல்ல பெட்டி, அண்ணாச்சி. மைக்கும் நல்ல மைக்கு. போனது இதுதான்” என்று ஒயரின் முனையில் இருந்த பின்னைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

பெருவிரல் அளவு சாமான். உள்ளே பார்த்தேன். ஈயப்பற்று பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்து, கம்பியின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. ஒயரை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கவ்வியில் ஒரு திருகாணியைக் காணோம். ஆகவே மேடையிலிருந்து தொங்கிய ஒயரின் பாரம் முழுவதையும் அந்த ஈயப்பற்றே சுமந்திருக்கிறது. பின்னின் மேற்பூச்சு தேய்ந்து உள்ளே துரு எட்டிப் பார்த்தது.

“எல்லாரும் பெட்டியைத்தான் பாக்காங்க, அண்ணாச்சி. பின்னை யாரு பாக்கா?” என்றார் தம்பி.

அந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். ஸ்வீடன் தேசத்து ராக்னர் ஹோம் என்பவர், உலோகமும் உலோகமும் தொடும் இடத்தைப் பற்றியே தம் ஆயுளின் பெரும் பகுதியை ஆராய்ச்சியில் செலவிட்டு, 1946இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும் உலோகத்தைப் பூதக் கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். நம் திரிகூட மலையைப் போல ஒன்றைத் தரையில் வைத்து, இன்னொன்றை அதன்மேல் கவிழ்த்தால் எப்படி இருக்கும்? சில சிகரங்கள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். மின்சாரம் முழுவதும் அந்தச் சில சிகரங்களின் வழியாகத்தான் கடந்து போகவேண்டும். பின்னைப் பிடிக்கும் வில் தளர்ந்தால் தொடும் இடங்கள் குறையும். குளிர்ந்த ஈரக் காற்று பட்டால் சிகரங்களின் மேல் துருவும் களிம்பும் படியும். தளர்ந்த பின் சிறிது அசைந்தாலும் உலோகம் உராய்ந்து தூளாகி, அந்தத் தூளே மின்சாரத்துக்குத் தடையாகிவிடும். ஒயரைத் திருகியதும் ஏன் சரியாகிறது? களிம்பு தேய்ந்து புதிய இடம் ஒன்று அகப்படுகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அதுவும் கெட்டுவிடும்.

“என் வீட்டு விளக்கின் பிளக்கும் பழசுதானே, அது மட்டும் எரிகிறதே?” என்று நேயர்கள் கேட்கலாம். விளக்குக்கு வருவது 230 வோல்ட். அந்த வேகத்தில் மெல்லிய களிம்பைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் போய்விடும். மைக்கிலிருந்து புறப்படுவதோ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. வாசலில் ஒரு துரும்பு கிடந்தாலும் அந்தப் பரம சாது திரும்பிப் போய்விடும். தங்கத்துக்குத் துரு ஏறாது என்பதனால்தான் நல்ல பின்களுக்குத் தங்கப் பூச்சு கொடுக்கிறார்கள். ஆபரண ஆசையினால் அல்ல.

இந்தப் பின்களுக்குப் பெரிய வம்ச வரலாறு உண்டு. கடைக்காரர்கள் ‘பி-38’ என்று சொல்லும் 6.35 மில்லிமீட்டர் பின், பழைய டெலிபோன் நிலையங்களில் ஒருவரோடு ஒருவரை இணைத்துவிட்ட பின்னின் சந்ததி. அமெரிக்காவில் சார்லஸ் ஸ்க்ரிப்னர் அதன் மூலவகைக்கு 1878இல் காப்புரிமை கோரினார். ரேடியோவில் கிராமபோனை மாட்டுவதற்காக 1930களில் ஆர்.சி.ஏ. கம்பெனியார் செய்த பின்னுக்கு அந்தக் கம்பெனியின் பெயரே நிலைத்துவிட்டது. அதில் ஒரு குறை: நடு ஆணி முதலில் தொட்டு, வெளி வளையம் பிறகு தொடுவதால், மாட்டும்போது ‘ஹும்’ என்று உறுமும். மைக்செட்காரர்கள் இன்று பெரிதும் நம்புவது மூன்று ஆணி உள்ள ‘கேனன் பின்’. அதில் பூமி இணைப்பு முதலில் தொடும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளில் ஒரே மாதிரி ஏறி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பூட்டு இருப்பதால் இழுத்தாலும் கழன்று வராது. இத்தனை புத்தியும் அந்தப் பெருவிரல் அளவு சாமானுக்குள் இருக்கிறது. ஈயப்பற்று சரியில்லாவிட்டால் அத்தனையும் வீண்.

நம் தேசத்துக்கு இந்தச் சின்னச் சாமான்களின் அருமை தெரியாமலில்லை. பம்பாய் சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோட்வானே, காங்கிரஸ் மகாநாடுகளுக்கும் மகாத்மாவின் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி அமைத்துத் தந்தார். மகாத்மாவின் குரலும் மெல்லியதுதான். லட்சக் கணக்கான ஜனங்களிடம் அதைக் கொண்டு சேர்த்தவை கம்பியும் பின்னுமே. 1942 ஆகஸ்டில் தலைவர்கள் எல்லோரும் சிறைப்பட்ட பிறகு, 22 வயதுக் குமாரி உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ரகசிய காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். இடம் மாற்றி மாற்றி, ஒவ்வோர் இடத்திலும் கழற்றி மாட்டி, நவம்பரில் போலீஸார் பிடிக்கும் வரை அந்தக் குரலைக் காப்பாற்றினார்கள். அந்த வழக்கில் மோட்வானேயும் கைதானார்.

அந்தத் தேசத்தில் ஒரு தமிழாசிரியரின் குரல் ஒரு திருகாணிக்காகத் தோற்றுப் போவானேன்? தம்பியிடம் இதைக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “நல்ல பின்னு வாங்கணும்னு எனக்குந்தான் ஆசை. ஆனா பேசுத கூலியில பாதியைப் பேரத்திலேயே குறைச்சிருதாங்க, அண்ணாச்சி. மிச்சத்துல வண்டி வாடகை, கூட வார பையனுக்குச் சம்பளம். கடைசியா மலிவு பின்னுதான் கட்டுபடியாகுது.”

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கூட்டத்துக்குச் சந்தா கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பூமாலைக்கும் வாழைமரத்துக்கும் பேரம் பேசாத காரியதரிசி, மைக்செட்டுக்கு மட்டும் பேரம் பேசினார் என்று தெரிந்தபோது, சிக்கனம் என்று நானும் தலையசைத்தவன்தான்.

இசை கெட்டால் மனந்தான் கெடும். பின் கெட்டால் சில சமயம் உயிரே போகும். பிளக் இல்லாமல் வெறுங் கம்பியைச் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சியால் அடைத்துவிடும் வழக்கத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூன்று ஆணிப் பிளக்கில் பெரிய ஆணி நீண்டிருப்பது அழகுக்காக அல்ல. பூமி இணைப்பு முதலில் சேரவேண்டும் என்பதற்காக. அதை ஒடித்துவிட்டு, ஈரத் தரையில், ஈரக் கையோடு மைக்கைப் பிடிப்பது யமனோடு விளையாடுவதாகும்.

கூட்டம் நடத்தும் கனவான்கள் சில காரியங்களைச் செய்யலாம். பிரசங்கிக்குக் காட்டும் மரியாதையில் கொஞ்சம் மைக்செட்காரருக்கும் காட்டி, நியாயமான கூலி கொடுக்கலாம். கூட்டத்துக்கு ஒரு மணி முன்னதாகவே அவரை அழைத்து, ஒவ்வொரு ஒயரையும் அசைத்துப் பார்க்கச் சொல்லலாம். மாற்று ஒயர் ஒன்று மேடையில் தயாராக இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்களும் ஒயரைப் பிடித்து இழுக்காமல், பின்னைப் பிடித்துக் கழற்றினாலே போதும். குழந்தைகளின் காதுக் கருவியில் ஒரு காது பாடி ஒரு காது ஊமையாவது பெரும்பாலும் குறையும். மாட்டும்போதும் கழற்றும்போதும் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட வேண்டும்.

தம்பியின் பாக்கிக் கூலியைச் சந்தாக்காரர்கள் சிலர் சேர்ந்து மறு வாரம் கொடுத்துவிட்டோம். பிறகு பெரியவரின் வீட்டுக்கு எட்டுப் பேர் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் சிரித்தார். காப்பி வந்தது. வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்காமலே கண்ணை மூடிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அந்த மெட்டைப் பாடினார். மைக் இல்லை, கொரகொரப்பு இல்லை. ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

கேட்டவர்கள் எட்டுப் பேர். ஊர் முழுவதும் கேட்டிருக்க வேண்டிய பாட்டு அது.