டென்னிஸ் ஆடாதவருக்கும் ‘டென்னிஸ் எல்போ’

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் வேலை தொடங்கிவிடும். முறுக்கு பிழிய வேண்டும், திரைச்சீலைகளைத் துவைத்துப் பிழிய வேண்டும், தரையைத் தேய்க்க வேண்டும். பண்டிகை முடிந்து ஒரு நாள் காலையில் மைலோ கோப்பையைத் தூக்கினால், முழங்கையின் வெளிப்புறத்தில் சுளீர் என்று வலிக்கும். கிளினிக்குக்குப் போனால், “உங்களுக்கு டென்னிஸ் எல்போ” என்பார் டாக்டர். “நான் மட்டையைத் தொட்டதே இல்லையே!” என்று திகைப்போம்.

பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. 1873ஆம் ஆண்டிலேயே ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர், எழுதும்போது வரும் வலியாக இதை விவரித்திருந்தார். டென்னிஸ் பெயர் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான். கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கரையும் இது விட்டுவைக்கவில்லை. 2005இல் அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

ஏன் வருகிறது?

மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள், முழங்கையின் வெளிப்புற எலும்பில் ஒரு தசைநாரால் இணைந்துள்ளன. எதையாவது இறுகப் பிடிக்கும்போதெல்லாம் அந்தத் தசைநார் இழுபடுகிறது. ஓய்வின்றி இழுபட்டால், உடல் பழுதுபார்க்கும் வேகத்தைவிடத் தேய்மானம் அதிகமாகிவிடும். பெரும்பாலும் 30 வயதுக்கு மேல், 50களின் நடுப்பகுதிவரை இது வருகிறது. சமையல், பூப்பந்து, ஸ்க்ரூடிரைவர், நாள் முழுதும் கணினி மவுஸ் என எதுவும் காரணமாகலாம்.

என்ன செய்யலாம்?

முதலில், வலி தரும் வேலையைக் குறையுங்கள். ஆனால் கையை அசைக்காமலேயே வைத்திருக்க வேண்டாம். பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும், முழங்கை மடங்கி உடலோடு ஒட்டியிருக்கட்டும். கனமான சட்டியை இரு கைகளாலும் தூக்குங்கள்.

வலி சற்றுத் தணிந்ததும் இந்தப் பயிற்சியைத் தொடங்கலாம். உள்ளங்கை கீழே பார்க்க, முன்கையை மேசையில் வையுங்கள். மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மறுகையின் உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்குங்கள். பிறகு மறுகையை எடுத்துவிட்டு, நான்கு எண்ணும்வரை மெதுவாகக் கீழே இறக்குங்கள். பத்துப் பதினைந்து முறை போதும். லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள்.

ஊசி போட்டால் தீருமா?

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிம்மதி தரும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்களைவிடப் போடாதவர்களே நன்றாக இருந்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரிழிவு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரையும் ஏறலாம். ஆகவே மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே குணமாகிவிடும். அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படும்.

உடனே மருத்துவரைப் பாருங்கள்

கீழே விழுந்தபின் வலி, மூட்டில் வீக்கம், காய்ச்சல், விரல்களில் மரமரப்பு, முழங்கையை நீட்ட முடியாமை ஆகியவை இருந்தால் காத்திருக்க வேண்டாம். கைவலியோடு நெஞ்சு இறுக்கமும் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அம்மா வலியை வெளியே சொல்லாமல் இடது கையால் சமாளித்துக்கொண்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த தீபாவளிக்கு முறுக்கு அச்சை மற்ற கைகளும் கொஞ்சம் பிடிக்கட்டும்.