படத்தில் இருப்பவர்களின் பெயர் என்ன?

பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் புதுச்சேரிப் பட அஞ்சலட்டைகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தகைய அட்டைகள் உலகெங்கும் பரவின. கடற்கரையும் மாளிகைகளும் மட்டுமல்ல, மனிதர்களும் அவற்றில் அச்சானார்கள். படத்தின் கீழே சாதிப் பெயரோ தொழில் பெயரோ இருக்கும். நம் மக்கள் என்றால் 'பரியா' என்ற சொல். பறையர் என்பதைத்தான் ஐரோப்பியர் அப்படி எழுதினர்.

அந்தச் சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். கூரை வீடு, மண்பானை, இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய், பக்கத்தில் கணவன், கிழவி. பிள்ளைக்குத் தலை வாரிவிட்டது யார்? பானைக்கான தண்ணீரை எவ்வளவு தூரத்திலிருந்து சுமந்தார்கள்? படத்துக்கு நின்ற நேரத்தின் கூலி என்ன ஆனது? நம் வீடுகளில் கேட்கும் கேள்விகள்தாம் இவை.

பிரான்சில் 1903 இறுதி வரை அட்டையின் பின்புறம் முகவரிக்கு மட்டுமே. செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுத வேண்டும். அனுப்பியவர் பெயர் உண்டு, பெறுபவர் பெயர் உண்டு. நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு மட்டும் பெயர் இல்லை.

பெயர் இல்லாதவர்களா நாம்? 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைப் பதிவு செய்தார்கள். ஒடுக்கப்பட்டோர் பலர் அப்படிப் பதிந்தனர். சட்டம் மாறியதால் தெரு மாறிவிடவில்லை. ஆனாலும் பேரப்பிள்ளை வரை செல்லும் பெயர் ஒன்று ஏட்டில் ஏறியது. சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 1893இல், இழிவாகச் சொல்லப்பட்ட அதே பெயரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. அட்டைகள் நம்மைக் காட்சிப்பொருளாக்கிய காலத்திலேயே நாம் எழுதிக்கொண்டும் இருந்தோம்.

உப்பளத்து மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய புகைப்படமோ கடிதமோ இருந்தால் எடுங்கள். பாட்டியிடம் காட்டி, யார், எந்த ஊர், என்ன வேலை, யாருக்கு யார் உறவு என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தனித்தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நாம் எழுதாமல் விட்டால், வேறு யாரோ எழுதிய சொல்தான் படத்தின் கீழே நிற்கும்.