கீறல் விழுந்த கேமரா லென்ஸை வாங்கலாமா? காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

இரவில், நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில் பைக் ஓட்டியிருக்கிறீர்களா? ஹெல்மெட் வைசரில் நாலைந்து கீறல் இருந்தால் பகலில் அது இருப்பதே தெரியாது. எதிரே ஒரு லாரி ஹெட்லைட்டோடு வந்தால் மட்டும் கண் முன்னால் எல்லாம் வெள்ளையாகப் பரவும். லாரி கடந்து போனதும் மறுபடி எல்லாம் சரியாகிவிடும்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் இந்த அனுபவத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓர் உதாரணம். முதல் கேமரா வாங்கிவிட்டீர்கள். கூடவே வந்த கிட் லென்ஸ் போதவில்லை. ஒரு 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் தேடுகிறீர்கள். ஆன்லைனில் இரண்டு விளம்பரங்கள். முதல் லென்ஸில் பெயின்ட் உரிந்திருக்கிறது, முன் கண்ணாடியில் ஒரு கீறல். விலை 3,500 ரூபாய். இரண்டாவது பளபளவென்று புதுசு மாதிரி இருக்கிறது, "சும்மா வீட்டுலயே இருந்துச்சு" என்கிறார் விற்பவர். விலை 6,000 ரூபாய். நம்மில் பலரும் இரண்டாவதைத்தான் எடுப்போம். அங்கேதான் ஏமாற வாய்ப்பு அதிகம்.

கீறல் ஏன் போட்டோவில் தெரிவதில்லை?

ஜன்னல் கொசுவலைக்கு மிக அருகில் கண்ணை வைத்து, எதிரே உள்ள மரத்தைப் பாருங்கள். வலைக் கம்பிகள் மங்கி மறைந்துவிடும். கண் தூரத்தில் ஃபோகஸ் செய்யும்போது, அதை ஒட்டியிருப்பது உருவமாகத் தெரியாது. லென்ஸின் முன் கண்ணாடியில் விழுந்த கீறலும் அப்படித்தான்.

திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அதன் முதன்மைக் குவியத்தில் கருவி வைத்துப் படமெடுக்கும்போது, அந்தக் கருவி ஒளி வரும் பாதையின் நடுவிலேயே நிற்கிறது. ஆனாலும் படத்தின் நடுவில் ஓட்டை விழுவதில்லை. வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கணக்காகவும் பார்க்கலாம். 50 மிமீ லென்ஸை எஃப் 1.8-ல் முழுதாகத் திறந்தால், ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் சுமார் 28 மிமீ. பரப்பு சுமார் 600 சதுர மிமீ. 5 மிமீ நீளமும் 0.1 மிமீ அகலமும் உள்ள கீறல் அதில் மறைப்பது அரை சதுர மிமீ. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியென்றால் எப்போது பிரச்சினை?

முதலாவது, அப்பர்ச்சரைக் குறுக்கும்போது. அதே லென்ஸை எஃப் 16-க்குக் கொண்டுபோனால் வட்டம் 3 மிமீ அளவுக்குச் சுருங்கிவிடும். கீறல் சரியாக அதன் குறுக்கே விழுந்தால் 4 சதவீதம் ஒளி பாதிக்கப்படும். வைட் ஆங்கிள் லென்ஸில் இது இன்னும் சீக்கிரம் தெரியும். மிக அருகில் இருப்பதைக்கூட அது ஓரளவு ஃபோகஸுக்குள் இழுத்துவிடும்.

இரண்டாவது, எதிர் வெளிச்சம். கீறல் ஒளியை மறைப்பதோடு நிற்பதில்லை. அதைச் சிதறடிக்கவும் செய்கிறது. சூரியனோ, கல்யாண மேடை லைட்டோ நேராக லென்ஸில் விழுந்தால், லாரி ஹெட்லைட் கதைதான். படம் முழுக்க வெள்ளை படர்ந்து, கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும். பின்னணியில் வட்டம் வட்டமாக மங்கித் தெரியும் விளக்குகளுக்குள் கீறல் கோடாகத் தெரியவும் கூடும்.

மூன்றாவது, பின் கண்ணாடி. அங்கே வரும்போது ஒளிக்கற்றை குவிந்து குறுகியிருக்கும், சென்சாரும் பக்கத்தில். முன்னால் இருந்தால் கண்டுகொள்ள வேண்டாத கீறல், பின்னால் இருந்தால் படத்தைக் கெடுக்கும். பின் கண்ணாடியில் ஆழமான கீறல் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று: ஒற்றை ஆழமான கீறலைவிட, சட்டைத் துணியால் துடைத்துத் துடைத்து வந்த நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் மோசம். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு, தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அதைக் குறைக்கத்தான் லென்ஸில் கோட்டிங் போடுகிறார்கள். அது பரவலாகத் தேய்ந்தால் படம் முழுதும் பொலிவிழக்கும்.

பளபள லென்ஸில் என்ன ஆபத்து?

பெயின்ட் உரிவது, எண்கள் அழிவது, ஜூம் வளையத்தின் ரப்பர் தளர்வது எல்லாம் வெளித்தோற்றம் மட்டுமே. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே சில தூசித் துகள்கள் இருந்தாலும் பரவாயில்லை.

பயப்பட வேண்டியது ஃபங்கஸுக்கு. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் லென்ஸில் பூஞ்சை வளரலாம் என்கிறது ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம். சென்னை மாதிரி கடலோர ஊரில், ஐப்பசி, கார்த்திகை மழையில் இது சாதாரணம். "வீட்டுலயே இருந்துச்சு" என்றால் பீரோவிலோ, லெதர் பைக்குள்ளோ மூடிக் கிடந்திருக்கலாம். பூஞ்சை உமிழும் அமிலம் கோட்டிங்கையும் கண்ணாடியையும் அரித்துவிட்டால், சுத்தம் செய்தாலும் தடம் போகாது.

காசு கொடுக்கும் முன் பத்து நிமிடம்

1. அப்பர்ச்சர் முழுதாகத் திறந்த நிலையில், லென்ஸின் பின்பக்கம் போன் டார்ச்சை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற கிளைகள் தெரிந்தால் ஃபங்கஸ். புகை படிந்த மாதிரி இருந்தால் ஹேஸ். இரண்டுமே வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் எந்த லென்ஸிலும் தூசி பயங்கரமாகத் தெரியும். அதற்குப் பதற வேண்டாம்.

2. ஃபில்டர் மாட்டும் வளையம் நசுங்கியிருக்கிறதா? லென்ஸ் கீழே விழுந்திருக்கிறது. ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருக்கின்றனவா? யாரோ பிரித்திருக்கிறார்கள். உள்ளே கண்ணாடிகள் நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கலாம். செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, நேராக நின்று எஃப் 1.8-ல் படமெடுத்து நாலு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் விட்டுவிடுங்கள்.

3. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எஃப் 16-ல் எடுங்கள். கீறல் படத்தில் விழுமா என்பது இதில் தெரிந்துவிடும்.

4. ஒரு விளக்கை ஃபிரேமின் ஓரத்தில் வைத்து எடுங்கள். வெள்ளை எவ்வளவு பரவுகிறது என்று பாருங்கள்.

5. ஷட்டரை 1 நொடிக்கு வைத்து எஃப் 8-ல் க்ளிக் செய்து, முன்னாலிருந்து பாருங்கள். அப்பர்ச்சர் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். எண்ணெய் படிந்திருந்தால் தயங்கும். ஆட்டோ ஃபோகஸையும் பக்கத்திலும் தூரத்திலும் சோதியுங்கள்.

"கேமரா இல்ல, சும்மா பார்த்துட்டு எடுத்துக்கோங்க" என்று சொன்னால், உங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள். கூரியரில் வரும் லென்ஸ் என்றால், திருப்பித் தரும் அவகாசம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யார் வாங்கலாம்?

போர்ட்ரெய்ட், தெரு, குழந்தைகள், உணவு என்று எடுப்பவர்களுக்கு முன் கண்ணாடிக் கீறல் நல்ல வாய்ப்பு. மேடை விளக்குகளுக்கு எதிரே நின்று கல்யாண வீடியோ எடுத்துக் காசு வாங்குபவர்கள் தவிர்ப்பதே நல்லது. அங்கே ரீடேக் கிடையாது. கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கிலும் வாங்காதீர்கள். குறைந்த விலை லென்ஸுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. நாளை நீங்கள் விற்கும்போதும் அதே கீறலைக் காட்டி விலை குறைப்பார்கள் என்பதால், இன்று நீங்களும் பேரம் பேசலாம்.

மிச்சமான பணத்தில் முதலில் ஒரு லென்ஸ் ஹூட் வாங்குங்கள். பக்கவாட்டு வெளிச்சம் கீறலில் படாமல் அது தடுக்கும். அடுத்து, காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். கீறலை இனி மாற்ற முடியாது. ஃபங்கஸ் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.