விமானமே, கொஞ்சம் மெதுவாய்ப் பேசேன்!

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? அம்மாடி, 236 அடி உயரம்! அங்கே நிற்கும்போது விமானச் சத்தம் பெரிதாய்த் தெரியாது. ஆனால், திருச்சி விமான நிலையத்தை ஒட்டியுள்ள செம்பட்டில் விமானம் கிளம்பினால் டி.வி. சத்தமே அமுங்கிப் போகும்.

ஒரே ஊரில் ஏன் இந்த வித்தியாசம்? விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. அதன் ஓடுபாதை கிழக்கு மேற்காக நீள்கிறது. அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் தாழப் பறப்பது அந்த இரண்டு பக்கமும்தான். ஸ்ரீரங்கமோ வடக்கே இருக்கிறது. தப்பித்தது!

சிங்கப்பூரிலிருந்து அப்பா நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்கினால் நமக்குக் கொண்டாட்டம். அதே விமானம், காலையில் பரீட்சை எழுதப் போகும் பக்கத்துத் தெரு அக்காவை எழுப்பிவிட்டால்? விமானமும் வேண்டும், தூக்கமும் வேண்டும். என்ன செய்வது?

புகார் செய்யலாம். உலகின் பெரிய விமான நிலையங்கள் பல, சுற்றியுள்ள குடியிருப்புகளில் சத்தத்தை அளக்கும் கருவிகளை வைத்திருக்கின்றன. புகார் வந்ததும் அதில் உள்ள நேரத்தையும் இடத்தையும் ரேடார் பதிவோடு ஒப்பிடுவார்கள். எந்த விமானம், எவ்வளவு உயரம், சரியான பாதையில்தான் பறந்ததா என்பது தெரிந்துவிடும். பாதை மாறியிருந்தால் அந்த விமான நிறுவனத்திடம் விளக்கம் கேட்பார்கள்.

லண்டன் ஹீத்ரோ நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள். அங்கே விமானங்கள் இறங்கும் பாதையை மதியம் 3 மணிக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் இரண்டு பக்கத்து மக்களுக்கும் பாதி நாள் நிம்மதி! திருச்சியில் ஒரே ஓடுபாதை என்பதால் இந்த யோசனை இங்கே செல்லாது.

நெதர்லாந்தின் ஸ்கிபோல் நிலையத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். 2003-ல் புது ஓடுபாதை திறந்ததும் தரையோடு வந்த உறுமல் மக்களைப் பாடாய்ப் படுத்தியது. ஆனால், பக்கத்து வயல்களை உழுத பிறகு மட்டும் சத்தம் குறைந்தது! உழுத மண்ணின் மேடுபள்ளம் சத்தத்தைச் சிதறடித்ததுதான் காரணம். அதைப் பார்த்து, வரிசை வரிசையாக மண்மேடுகள் கொண்ட ஒரு பூங்காவையே 2013-ல் திறந்தார்கள்.

நம் நாட்டிலும் புகார் எழுந்தது. டெல்லி விமான நிலையத்தில் 2008-ல் மூன்றாவது ஓடுபாதை வந்தபின், வசந்த் குஞ்ச் பகுதி மக்கள் தூக்கம் போகிறது என்றார்கள். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், விமான நிலையங்களைச் சுற்றி எவ்வளவு சத்தம் இருக்கலாம் என்று வரம்பு விதித்தது. ஆண்டுக்கு 50,000 தடவைக்கு மேல் விமானங்கள் வந்து போகும் நிலையம் என்றால் பகலில் 70 டெசிபல், இரவில் 65. மற்ற நிலையங்களுக்குப் பகலில் 65, இரவில் 60. (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு.) இவை சராசரி அளவுகள். அதனால் ஒரு விமானம் தலைக்கு மேல் போகும் அந்த நொடியில் சத்தம் இதைவிட அதிகமாகவே இருக்கும்.

'ஒரே சத்தம் சார்!' என்று மட்டும் புகார் எழுதினால் அதிகாரியால் எந்த விமானம் என்று கண்டுபிடிக்க முடியாது. தேதி, நேரம், தெரு, எத்தனை நிமிடம் கேட்டது... இவ்வளவும் இருந்தால் முடியும்.

ஆகவே குட்டீஸ், இன்று ராத்திரி விமானம் உங்களை எழுப்பினால், காதைப் பொத்துவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துவிடுங்கள்!