வெண்மையின் அரசியல்: மோன்மார்த்ர் குன்றும் ஒரு தேவாலயமும்

பாரிசில் கோடைக்காலம். மோன்மார்த்ர் குன்றின் உச்சியில் திரு இருதயப் பேராலயம், பிரெஞ்சில் 'சாக்ரே கேர்'. ஏற 222 படி. பக்கத்திலேயே இழுவை ரயில் இருக்கு. கூட்டத்தைப் பார்த்தால் நடந்தே ஏறிடலாம்னு தோணும். 2019 ஜூலை 25 அன்று இந்நகரத்தின் வெப்பம் 42.6 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் வெள்ளைக் கல்லில் தெறிக்கிற வெயில் கண்ணைத் திறக்கவிடாது. மேலே போய்ச் சேர்ந்த சுற்றுலாப் பயணி முதலில் என்ன செய்கிறார்? ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நகரத்தைப் பார்க்கிறார், போட்டோ எடுக்கிறார். படியில் தண்ணீர் பாட்டில் விற்கிற ஆப்பிரிக்க, தெற்காசியக் குடியேறிகள் போலீஸ் தலை தெரிந்ததும் சரக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது அவர் பார்வையின் ஓரத்தில் நடக்கும். காலுக்குக் கீழே உள்ள குன்று பார்வைக்குள் வருவதே இல்லை.

இந்தக் குன்றில்தான் 1871 மார்ச் 18 அன்று, பாரிஸ் மக்கள் சந்தா போட்டு வார்த்த பீரங்கிகளைக் கைப்பற்ற அரசுப் படை வந்தது. பெண்கள் குறுக்கே நின்றார்கள். சிப்பாய்கள் சுட மறுத்தார்கள். இரண்டு ஜெனரல்கள் ரோசியே தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாரிஸ் கம்யூன் பிறந்தது அன்றுதான். பத்து வாரம் கழித்து, மே 28 அன்று, புத்தகம் கட்டும் தொழிலாளியும் கம்யூனின் தலைவர்களில் ஒருவருமான யூஜேன் வர்லேனை அடித்து இழுத்துவந்து அதே தெருவில் சுட்டார்கள். அந்த வாரத்தில் நகரமெங்கும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

1873 ஜூலை 24 அன்று தேசிய சபை இங்கே தேவாலயம் கட்டுவதைப் 'பொதுப்பயன்' என்று அறிவித்துச் சட்டம் போட்டது. நிலத்தைக் கட்டாயமாக எடுக்க வழி பிறந்தது. கம்யூன்மேல் படையை ஏவியதும் இதே சபைதான். 1875இல் அடிக்கல், 1919இல் அர்ச்சிப்பு.

'கம்யூனின் பாவத்துக்குப் பரிகாரமாகக் கட்டிய கோயில்' என்று இடதுசாரிகள் எழுதிப் பழகிவிட்டோம். அவ்வளவு நேரானதல்ல விஷயம். நேர்த்திக்கடன் எழுந்தது 1870 இறுதியில், பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டிருந்தபோது. கம்யூன் அப்போது பிறக்கவே இல்லை. ஆலயத் தரப்பு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் நேர்ந்துகொண்டவரின் மனசுக்குள் கட்டடத்தின் அர்த்தத்தைத் தேடுவது, பிரதியின் அர்த்தத்தை ஆசிரியனிடம் போய்க் கேட்கிற பழைய விமர்சன வேலை. இந்தக் குன்று, இந்தச் சட்டம், அந்தப் பிணங்கள்: இவற்றின் மேல் எழும்பியபோது அது வேறொரு பிரதியாகிவிட்டது.

கல்லையே பாருங்கள். ஷாத்தோ-லாந்தோன் கல் மழை பட்டால் வெண்ணிறச் சுண்ணப்படிவைக் கசியவிடும்; ஒவ்வொரு மழையிலும் தன்னைத்தானே வெளுத்துக்கொள்ளும். நகரத்தின் மற்ற கட்டடங்கள் புகையில் கறுக்க, இது மட்டும் நேற்றுக் கட்டியதுபோல நிற்கும். அடியில் நிலம் ஜிப்சம் தோண்டிப் பொள்ளலானது. 83 கிணறு வெட்டி, 33 மீட்டர் ஆழத்துக்கு நிரப்பித்தான் இதை நிறுத்த முடிந்தது. உருவகம் தேடி நாம் எங்கேயும் அலைய வேண்டியதில்லை.

உள்ளே அமைதி, குளிர்ச்சி. 1885 முதல் இரவும் பகலும் விடாத ஆராதனை. அதைச் சுற்றிப் பயணிகளின் வரிசை மெல்ல நகரும். கட்டணம் கிடையாது. விசுவாசி இல்லாதவரையும் யாரும் எதுவும் கேட்பதில்லை. வேர்த்து வழிகிற உடம்புக்கு அந்த நிழல் உண்மையான உபகாரம், அதில் நக்கலுக்கு இடமில்லை. அதிகாரம் என்றாலே தடை, தணிக்கை என்று யோசிக்கிற நமக்கு இங்கேதான் சிக்கல்: மறக்கச் சொல்லி எவரும் கட்டளையிடவில்லை. ஏறிவந்த களைப்பும் கிடைத்த நிழலும் எதிரே விரிகிற நகரமும் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடிப் பேர்.

எதிர்ப்பே இல்லாமல் போகவில்லை, பெயர்ப்பலகைகளில் ஒட்டிக்கொண்டிருக்கு. கீழே உள்ள பூங்காவுக்கு 2004இல் கம்யூன் போராளி லூயீஸ் மிஷேலின் பெயர் வந்தது. 2022இல் பேராலயம் வரலாற்றுச் சின்னமானபோது நகர மன்றத்தின் கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள், தோற்றார்கள். மத ஊர்வலத்துக்குத் தொப்பியைக் கழற்றவில்லை என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து 1766இல் இருபது வயதில் தலை வெட்டப்பட்ட ஷெவாலியே த லா பாருக்குச் சுதந்திரச் சிந்தனையாளர்கள் ஆலயத்தின் எதிரிலேயே சிலை வைத்தார்கள். 1926இல் அதைத் தள்ளிக்கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தார்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது உருக்கிவிட்டார்கள். தெருப்பெயர் மட்டும் தப்பிவிட்டது. ஜெனரல்களும் வர்லேனும் சுடப்பட்ட ரோசியே தெரு இன்று லா பாரின் தெரு. பேராலயத்துக்குக் கடிதம் போடுகிறவர் எழுத வேண்டிய முகவரி: எண் 35, ஷெவாலியே த லா பார் தெரு.