விக்டோரியா பொது மண்டபம், சென்னை

விக்டோரியா பொது மண்டபம் என்பது சென்னையில் சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கும் ரிப்பன் கட்டடத்துக்கும் இடையே, ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் அமைந்துள்ள பழைய நகர மண்டபம் ஆகும். மேலை நாடுகளில் நகர மண்டபம் என்றால் பெரும்பாலும் மாநகராட்சி அலுவலகத்தையே குறிக்கும். தென்னிந்தியாவில் 'டவுன் ஹால்' என்பது ஊரார் கூடுவதற்கான பொது இடம். ஓசூருக்கு அருகிலுள்ள பெங்களூரில் 1935-இல் திறக்கப்பட்ட சர் புட்டண்ண செட்டி டவுன் ஹாலும் அத்தகையதே. சென்னையில் மாநகராட்சி அலுவலகம் பக்கத்திலுள்ள ரிப்பன் கட்டடத்தில் இயங்குகிறது. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கட்டடம்

நகருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று 1882-இல் நகரப் பிரமுகர்கள் கூடி முடிவெடுத்து நன்கொடை திரட்டினர். இராபர்ட் சிசோம் வரைபடம் தயாரித்தார், தா. நம்பெருமாள் செட்டியார் கட்டினார். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு இந்தோ-சரசனிக் பாணியில் எழுந்த இக்கட்டடத்தின் கோபுரக் கூரையில் திருவிதாங்கூர் மரபின் சாயலைக் காணலாம். தரைத்தளத்திலும் மேல்தளத்திலும் தலா 600 பேர் அமரும் கூடங்கள் இருந்தன. விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி அவர் பெயர் சூட்டப்பட்டது.

நாடக மேடை

இம்மண்டபத்தின் உண்மையான சிறப்பு தமிழ் நாடகத்தோடு பிணைந்தது. 1891-இல் பெல்லாரியிலிருந்து வழக்கறிஞர் தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லுவின் நாடகக் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. அக்காலத்தில் கூத்தாடுவது மதிப்பான தொழிலாகக் கருதப்படவில்லை. படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் மேடையேறியதைக் கண்டு வியந்த மாணவர் பம்மல் சம்பந்த முதலியார், அதே ஆண்டு ஜூலை 1-இல் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வி.பி. ஹால் இச்சபையின் முக்கிய அரங்கமாயிற்று. விடிய விடிய நடந்த நாடகம், குறித்த நேரத்தில் தொடங்கிச் சில மணி நேரத்தில் முடியும் நிகழ்ச்சியாக மாறியது. பின்னாளில் புகழ்பெற்ற அரசியல் தலைவரான எஸ். சத்தியமூர்த்தியும் இச்சபையின் நடிகர்தான். அக்கால மேடையை அறிய விரும்புவோர் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' நூலைப் படிக்கலாம். கதை போலவே ஓடும்.

1896-97 காலத்தில் டி. ஸ்டீவன்சன் என்பவர் சென்னைவாசிகளுக்கு இங்கே சலனப்படம் காட்டினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கு உரையாற்றினார்.

குத்தகையும் சீரழிவும்

மண்டபம் நின்ற நிலம் மாநகராட்சிக்குச் சொந்தமான பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு பகுதி. 57 கிரவுண்டு நிலம், கிரவுண்டுக்கு ஆண்டுக்கு எட்டணா வீதம், 1886-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. மொத்தம் இருபத்தெட்டரை ரூபாய்! பொதுக்காரியம் என்பதால்தான் இந்தச் சலுகை. ஆனால் காலப்போக்கில் வளாகத்தில் வணிகக் கட்டடங்கள் முளைத்தன. 1985-இல் குத்தகை முடிந்ததும் அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் இடையே வழக்கு மூண்டு நீண்டது. சினிமாக் கொட்டகைகளும் புதிய சபா அரங்குகளும் வந்த பிறகு நாடகக்காரர்கள் ஏற்கெனவே விலகியிருந்தனர். ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்தைக் காலமும் மழையும் அரித்தன.

மாநகராட்சியின் வசம் வந்த பின், சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் சுமார் 32 கோடி ரூபாய் மதிப்பில் 2023-இல் புதுப்பிப்பு தொடங்கியது. தரைத்தளத்தில் அருங்காட்சியகமும், மேல்தளத்தில் கலை நிகழ்ச்சிகளுக்கான அரங்கமும் அமைப்பது இத்திட்டத்தின் நோக்கம்.