ஓர்ஸ் ஹில்லிலிருந்து பெரியகுளம் வரை

திருக்கோணமலைக்கு வருவோர் கடலைப் பார்க்கவே வருகின்றனர். கோணேசர் கோயிலின் பாறை விளிம்பில் நின்று கீழே அலை மோதுவதைக் காண்பர், நிலாவெளியில் நீராடுவர், புறாத்தீவுக்குப் படகேறுவர், அத்துடன் ஊரைப் பார்த்து முடித்தோம் என்று பஸ் ஏறிவிடுவர். ஓர்ஸ் ஹில்லில் குடியிருக்கும் நம்மவரும் இதற்கு விலக்கல்லர். மேட்டில் நின்றால் உள்துறைமுகத்தின் நீலம் கண்ணைப் பிடித்துக்கொள்கின்றது. மறுபுறம் திரும்ப மனம் வருவதில்லை. திரும்பினால் அன்றோ, மேற்கேயும் வடமேற்கேயும் அடுக்கடுக்காக நிற்கும் சிறு குன்றுகளும், அவற்றைப் போர்த்திய காடும், காட்டினூடே பழங்குளங்களும் நமக்கு உண்டு என்பது தெரியவரும்!

துறைமுகத்தின் கதையை உலகம் அறியும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர்பின் ஒருவராக இதற்காகப் போரிட்டனர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இதன்மீது குண்டு பொழிந்தன. ஆயினும் அந்நியர் வந்த கதையே நம் ஊரின் முழுக்கதையாகிவிடாது. உள்நாட்டின் கதை காட்டுக்குள் இருக்கின்றது. அதனைக் காலால் நடந்தே படிக்க வேண்டும்.

காடும் மேடும் கடந்து நடப்பது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த பொழுதுபோக்கு என எண்ணுவோர் சிலர் உளர். கதிர்காமப் பாதயாத்திரையை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார் முல்லைத்தீவு, திருக்கோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை வழியாக, யால வனத்தையும் ஊடறுத்துக் கதிர்காமம் சேர்கின்றனர். மூட்டை ஒன்று தலையில்; வேல் ஒன்று கையில். மகாவலி கிளைத்துக் கடலில் விழும் மூதூர், வெருகல் பகுதியின் ஆற்றுத்துறைகளை நம் பாட்டன்மார் இவ்வாறு நடந்தே அறிந்திருந்தனர். இன்று காரில் பாலத்தைக் கடக்கும் நாம் கீழே ஓடும் ஆற்றின் பெயரையும் கேட்பதில்லை.

நம் கொட்டியாரக் குடாவிலிருந்து காடு புகுந்த பிறிதொருவரின் கதையையும் மாணவர் அறிதல் நன்று. 1660ஆம் ஆண்டில், புயலில் முறிந்த பாய்மரத்தைச் சீர்செய்யக் கொட்டியாரத்தில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பல் ஒன்றின் தலைவரும், அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸும், மாலுமிகள் பலரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் கழித்து, 1679இல் ஒரே ஒரு தோழருடன் தப்பினார். அவர் தப்பிய வழிதான் நமக்கு முக்கியம். அனுராதபுரத்தருகே மல்வத்து ஓயாவை அடைந்து, தமிழர் அருவியாறு என வழங்கும் அந்த ஆற்றங்கரையையே பற்றிக்கொண்டு, யானைக்கும் காவலருக்கும் அஞ்சி அஞ்சி நடந்து, மேற்குக் கரையில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தார். அவ்வழியில் செதுக்கிய கற்றூண்கள் காட்டுக்குள் கேட்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு 1681இல் வெளியான தம் நூலில் எழுதிவைத்தார். உயிருக்கு ஓடுகின்றவர்க்கும் அந்தத் தூண்கள் கண்ணில் பட்டன. சும்மா உலாவப் போகும் நமக்குப் படாமல் இருக்கலாமா?

இந்த எண்ணத்துடன், கல்லூரியில் நம்மிடம் பயிலும் மாணவர் பன்னிருவரைக் கூட்டிக்கொண்டு, சென்ற பங்குனியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் ஓர்ஸ் ஹில்லிலிருந்து புறப்பட்டோம். பங்குனியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழையில் காட்டுவழி சேறாகிவிடும். வைகாசி பிறந்தாலோ கச்சான் காற்று தொண்டையை வறட்டும். மாசி, பங்குனி இரண்டும் நடப்போர்க்கு என்றே அமைந்த மாதங்கள். குளங்களில் நீர் நிற்கும், பாதையோ காய்ந்திருக்கும்.

அனுராதபுர வீதி வழியே சுமார் 8 கிலோமீற்றர் சென்றால் கன்னியாய். ஏழு சிறு கிணறுகள், நீரும் வெந்நீர். ஒன்றில் இளஞ்சூடு, அடுத்ததில் மேலும் சற்றுச் சூடு, இன்னொன்றில் முதல் வாளியை உடம்பில் ஊற்றுவோன் துள்ளுமளவு சூடு. இராவணன் தன் தாய்க்கு நீர்க்கடன் செய்த இடம் என்பது ஐதிகம். இன்றும் இறந்தோர்க்குக் கடன் கழிக்க இங்கு வருவோர் உண்டு. மாணவர் கேட்டது ஐதிகத்தை அன்று, நெருப்பை. “எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர் எப்படி, சேர்?” என்றான் ஒருவன். நல்ல கேள்வி. இலங்கையின் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி எனப் புவியியலார் வழங்கும் இருபெரும் பாறைத்தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே அமைந்துள்ளன. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகின்றது. ஆழம் கூடக்கூடப் பூமியின் இயற்கை வெப்பமும் கூடும். சூடேறிய நீர் வேறு பிளவு வழியே விரைந்து மேலேறினால், ஆறுவதற்குள் நம் வாளிக்கு வந்துவிடுகின்றது. எரிமலை வேண்டியதில்லை.

2019ஆம் ஆண்டில் இவ்விடத்தின் உரிமைபற்றி எழுந்த சர்ச்சை நீதிமன்றம் வரை சென்றது. குளித்துக்கொண்டிருந்த கூட்டத்திலோ தமிழும் சிங்களமும் கலந்தே கேட்டன. வாளி ஒன்று கைமாறிக் கைமாறிச் சென்றது.

கன்னியாயிலிருந்து வடக்கே செல்லும் வழிதான் இந்நடையின் உயிர். பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்ற மரங்களை மாணவர் பெயரால் மட்டுமே அறிந்திருந்தனர். தச்சன் பட்டறையில் அன்றி உயிருடன் கண்டதில்லை. நீரோடை வரும் இடத்தை மருதமரம் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். பாலைப்பழக் காலம் இன்னும் வரவில்லை. வந்திருந்தால் மனிதர்க்கு முன்னே கரடி பந்தியில் அமர்ந்திருக்கும். பாதை நடுவே யானை இலத்தியைக் கண்டதும் அதுவரை ஓயாது பேசி வந்த இளைஞர்கள் வெகு ஒழுக்கமாக மௌனமாயினர். வகுப்பறையில் நமக்கு என்றும் கிட்டாத மௌனம் அது!

காடு விலகிய இடத்தில் குளமும் அதன் அருகே செங்கற் சுவர்களும் தோன்றின. பெரியகுளம் என்பது ஊர். சிங்களவர் இவ்விடத்தை வெல்கம் விகாரை என்பர். தமிழர் நாதனார் கோயில் என்றே வழங்கி வந்தனர். இடிந்த தாதுகோபம் ஒன்று, கற்றூண்கள், படிமவீடு, அதில் நின்றகோலத்தில் ஒரு புத்தர் சிலை. படிமவீட்டின் அடித்தளத்தில் ஓடும் வரிவேலைப்பாடோ சோழநாட்டுச் சிவன்கோயில் ஒன்றை நினைவூட்டுகின்றது. சுற்றிலும் நிற்கும் கற்களில் எழுத்துகள். அவை தமிழ் எழுத்துகள்.

அப்பொழுதுதான் அந்தக் கேள்வி வந்தது. “சேர், இது எங்கட கோயிலா, அவங்கட விகாரையா?”

நாம் விடை சொல்லவில்லை. கல்லைப் படிக்கச் சொன்னோம். பதினோராம் நூற்றாண்டுத் தமிழெழுத்து முதலில் அச்சுறுத்தும். ஆனால் சற்றுப் பொறுத்துப் பார்த்தால் க, த, ப, ம, ர முதலியன தெரிந்த முகங்களாக எழுந்து வரும். புள்ளி இராது, எகர ஏகார வேறுபாட்டை ஊகித்துக்கொள்ள வேண்டும், வடசொல் வருமிடத்தில் கிரந்தம் புகும். ஒருவன் விரலால் தடவித் தடவி நான்கு எழுத்தைக் கூட்டினான். மற்றொருவன் அடுத்த மூன்றைப் பிடித்தான். ஒரு நாழிகைக்குள் கல்லைச் சுற்றிப் பன்னிரு தலைகள்.

அறிஞர் படித்து வெளியிட்ட செய்தி இது: முதலாம் இராசராசன், முதலாம் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இங்குள்ளன. அவற்றில் இந்தப் பௌத்தப் பள்ளி ‘இராசராசப் பெரும்பள்ளி’ என்ற பெயரையும் பெறுகின்றது. பள்ளியில் விளக்கெரிக்கத் தமிழ்ப் பெயருடையோர் கால்நடை முதலியவற்றைத் தானம் செய்துள்ளனர். சிவன்கோயிலுக்கு நந்தாவிளக்கு வைப்பதற்கு எந்த முறையோ, அதே முறை. கால்நடையை ஒப்படைப்பது, அவற்றால் வரும் நெய்யைக்கொண்டு விளக்கு அணையாது எரிப்பது.

இதில் வியப்பு யாதெனில், இதே சோழர் படைதான் 993ஆம் ஆண்டளவில் அனுராதபுரத்தைக் கைப்பற்றியது. பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் எனப் பெயர் மாற்றி 1070 வரை ஆண்டது. விகாரைகளைச் சோழர் கொள்ளையிட்டனர் எனச் சூளவம்சம் குமுறுகின்றது. அக்குமுறலைப் பொய்யென்று தள்ளிவிட நாம் துணியோம். பொன்னுக்காக ஒரு பள்ளியை உடைத்த ஆட்சியில் மற்றொரு பள்ளி அரசன் பெயர் சூட்டி வளர்க்கப்பட்டிருக்கின்றது. கடலுக்கு அப்பாலும் இதற்கு இணை உண்டு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் கூறும். ஆகவே பெரியகுளத்தில் நடந்தது தனி ஒருவரின் விசித்திரச் செயல் அன்று. பௌத்தம் பேணிய தமிழர் அன்று இங்கும் இருந்தனர், அங்கும் இருந்தனர். மணிமேகலை பாடிய மொழிக்கு இது புதுமையா?

எங்களது, அவர்களது என்ற கேள்வியைக் கேட்ட மாணவன் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்பு, “இதை எழுதினவனுக்கு அந்தக் கேள்வியே இருந்திருக்காது போல” என்றான். அவன் சொன்னதை நாம் முழுதும் ஏற்கவில்லை. அக்காலத்திலும் போரும் பகையும் இருந்தன; சூளவம்சமே சாட்சி. ஆனால் ஒன்றைக் கூறுவோம். நாதனார் கோயில் என்போர் கல்வெட்டின் ஒரு பாதியையும், வெல்கம் விகாரை என்போர் மறுபாதியையும் மறைத்துப் பேசினால் கல் பொய்யாகாது. பேசுவோரே பொய்யர் ஆவர். பழைய பள்ளியின் பெயர்ப்பலகையில் எது முதலில் வரவேண்டும் என்று வாதிடுவோரில் எத்தனை பேர் அந்தக் கல்லின்முன் கால்மணி நேரம் குந்தியிருந்தனர்?

கட்டுச்சோற்றை அவிழ்த்த வேளையில், விளக்கு என்ற பேச்சு கந்தளாய்க்குத் தாவியது. தென்மேற்கே உள்ள அப்பெருங்குளத்தைக் குளக்கோட்டன் பூதங்களைக்கொண்டு கட்டினான் என்பது நம் ஊர்க்கதை. வம்சநூல் வழிவரும் மரபோ ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதிக்கு உரிமையாக்கும். 1986 ஏப்ரலில் அதன் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை மாணவரின் பெற்றோர் மறக்கவில்லை. அந்தக் கந்தளாயில், சோழரை விரட்டிய சிங்கள மன்னன் முதலாம் விசயபாகுவின் காலத்தில், பிராமணர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலமும் சிவன்கோயிலும் இருந்தன. நங்கைசானி என்ற பிராமணப் பெண் இறந்துபோன தன் கணவன் நினைவாக அக்கோயிலுக்கு அறம் வைத்ததைப் பாலமோட்டைக் கல்வெட்டு தமிழிலேயே கூறுகின்றது. கோயிலின் பெயர் விசயராச ஈச்சரம்! சோழன் பெயரில் பௌத்தப் பள்ளி ஒரு புறம். சிங்கள மன்னன் பெயரில் சிவன்கோயில் மறுபுறம். இரண்டுக்கும் இடையே நம் ஓர்ஸ் ஹில் மாணவர் புளிச்சாதம் உண்டனர்.

குடும்பத்துடன் செல்ல விரும்புவோர்க்குச் சில வார்த்தை. முழுவழியும் நடக்க இயலாத முதியோரும் சிறுவரும் கன்னியாய் வரை பஸ்ஸில் செல்லலாம். பெரியகுளத்துக்கு முச்சக்கரவண்டி அமர்த்தலாம். காலை பத்துக்குள் பழம்பள்ளியை அடைவது நலம். மாலை நான்குக்குப் பின் குளத்துப்பக்கம் யானைக்கு உரியது. அதனுடன் வழக்காட வேண்டா. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீராவது வேண்டும். பழகிய பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழைவது நன்றன்று. போர் நடந்த மாவட்டம் இது. கற்றூண்மீது ஏறிப் படம் பிடிப்பதும், எழுத்தின்மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் கூடா. எழுத்துத் தெரியவில்லையா? வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தானே எழுந்து தெரியும். வழிபடுவோர் வரும் இடமாதலால் பாதரட்சையைக் கழற்றிவிட்டே உட்செல்ல வேண்டும்.

அடுத்த நடைக்குத் திரியாய் என்று மாணவர் இப்பொழுதே முடிவு செய்துவிட்டனர். வடக்கே கரையோரமாகச் சென்று குன்றேறினால், மரங்களுக்கு இடையே கற்றூண்கள் வட்டமாகச் சூழ நிற்கும் தாதுகோபமும், அங்கே பல்லவ கிரந்தத்தில் பொறித்த வடமொழிக் கல்வெட்டும் உண்டு. கடல்வழி வந்த வணிகர் இருவரின் பெயர் அதில் வருகின்றது. கிரந்த எழுத்துப் பட்டியல் ஒன்றைப் படியெடுத்துத் தருமாறு அந்த முதற்கேள்வி கேட்ட மாணவனே திங்கட்கிழமை வந்து நின்றான்.